தனிச்சொல்

எனக்குக் கொடுத்த வேலை சின்னது.
படிவத்தின் கடைசிப் பக்கத்தைத்
தமிழில் பெயர்க்க வேண்டும்,
வெள்ளிக்கிழமைக்குள்.

மூலத்தில் ஒற்றைச் சொல்.
'சம்மதம்' என்று எழுதினேன்,
தாம்பூலத் தட்டு வந்து மேசையில் அமர்ந்தது.
'ஒப்புதல்' என்று மாற்றினேன்,
பின்னாலேயே வாக்குமூலம் வந்து நின்றது, விலங்கோடு.
'இசைவு' அழகு.
எதோடு இசைவதென்றுதான் தெரியவில்லை.

உடன் வந்த வாணிப ஒப்பந்தத்தில்
பாமாயிலுக்கும் ரப்பர் கையுறைக்கும் பிறகு
பதினான்காம் இயல்:
எல்லை கடக்கும் தகவலின் ஓட்டத்தை
எந்தத் தரப்பும் தடுக்கலாகாது.
அடுத்த வரி 'எனினும்' என்று தொடங்குகிறது.
அந்த எனினுக்குள்தான்
நாம் எல்லோரும் குடியிருக்கிறோம், வாடகைக்கு.
'தேவைக்கு மிகாத பாதுகாப்பு' என்கிறது.
மிகாததை அளக்கும் படி
எந்தச் சந்தையில் கிடைக்குமோ.

புதன் காலை முதல் விமானத்தில்
மேடானிலிருந்து வந்தார் வைரக்கண்ணு.
நாற்பத்தொரு வயது, லாரிகளுக்குக் காப்புறுதி விற்பவர்.
தமிழில் தொடங்கி
இந்தோனேசியாவில் முடிக்கிற வாக்கியங்கள்.
அவருடைய நோய்க்கு ஒரு பெயர் உண்டு,
இந்தக் கவிதையில் அதை எழுத மாட்டேன்.
வைரக்கண்ணு என்பதும் அவர் பெயரல்ல.
வயதையும் மாற்றியிருக்கிறேன்.

"சிஸ்டர், நான் ஊர் போய்ச் சேருறதுக்கு முன்னாடி
இது போய்ச் சேர்ந்திடுமா?"

நான் தாதி இல்லை, ஆவணப் பிரிவுக் கிராணி.
திருத்தவில்லை.

பினாங்கிலிருந்து மேடானுக்கு ஐம்பது நிமிடம்.
குடிநுழைவில் சாப்பு அடிக்க வரிசை,
பெட்டி வர இன்னும் இருபது நிமிடம்.
அது வரிசையில் நிற்காது, காலணி கழற்றாது.
கடலடிக் கம்பியில் இறங்கிப்
பனி பெய்யும் ஏதோ ஊரின் சன்னலில்லாக் கட்டடத்தில்
இரவு தங்கும்.
நகல் சிங்கப்பூருக்கு.
நகலின் நகல் எனக்குப் பெயர் தெரியாத இடத்துக்கு.
அங்கிருந்து, யார் கண்டது,
அவருடைய முதலாளியின் மேசைக்கே.
ஊர்வாயை மூட உலைமூடி இல்லை என்பார்கள்.
இதற்கு வாயே இல்லை.

பதில் சொல்லாமல்
'கூட்டாளிகள்' என்ற சொல்லை விரலால் காட்டினேன்.
"யார் இவங்க?"
இணைப்பில் பட்டியல் உண்டு.
இணைப்பு எங்களுக்கு வரவில்லை.

திரையில் இரண்டு பொத்தான்கள்.
ஏற்கிறேன்.
பிறகு ஏற்கிறேன்.

அவர் காகிதம் கேட்டார். அச்சடித்துக் கொடுத்தேன்.
'மற்றும் அதன் கூட்டாளிகளுக்கும்',
மூன்று சொல்லையும் பந்துமுனைப் பேனாவால் அடித்தார்,
காகிதம் கிழியும்வரை.
கீழே பொறுமையாகக் கையெழுத்திட்டார்.

வருடியில் வைத்தேன்.
கையெழுத்து ஏறியது.
அடித்த கோட்டை இயந்திரம் அழுக்கென்று நினைத்துத்
துடைத்துவிட்டது.
கறை நீக்கப்பட்டது என்றது பச்சை எழுத்தில்.
மூன்று சொல்லும் பளிச்சென்று திரும்பி வந்தன.
இரண்டாம் முறையும்.

ஐந்தாம் படிவத்தில்
தரவு என்றால் கலிப்பாவின் முதல் உறுப்பு.
தேர்வுக்காக மனப்பாடம் செய்தது:
தரவு, தாழிசை, தனிச்சொல், சுரிதகம்.
இப்போது தரவு மட்டும் போகிறது, டன் கணக்கில்.
தனிச்சொல் எங்கே என்று
எந்த இயலும் கேட்பதில்லை.
ஓர் அடியிலும் சேராமல்
ஒதுங்கி நிற்குமே, அது.

வெள்ளிக்கிழமை மொழிபெயர்ப்பை அனுப்பினேன்,
அந்த ஒரு சொல்லுக்கு மட்டும் கோடிட்ட இடம் விட்டு.
மேலாளர் எதையோ போட்டு நிரப்பிக்கொண்டார்.

காகிதத்தை ஏழு நாளில் அரைத்துவிட வேண்டும்,
விதி அப்படி.
எட்டாம் நாள் அது என் பையில் இருக்கிறது.
நான் வைத்திருப்பதும் குற்றம்தான்,
அவர் என்னையும் கேட்டுக் கையெழுத்திடவில்லை.

மாலைப் படகில் எடுத்துப் பிடிக்கிறேன்.
எதிரே பட்டர்வொர்த் துறையில்
ஒவ்வொரு பெட்டியாய் நிறுத்து, முத்திரை பார்த்து,
எண் சொல்லி இறக்குகிறார்கள்.
கிழிசல் வழியே நன்றாகத் தெரிகிறது.